முள் இறங்கினால் வீடு குளிரும்!

சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டியின் அடிப்பக்கத்தில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டம். வட்டத்துக்குள் ஒரு சின்ன முள்.

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் ஒரு குடும்பம் நிம்மதியாகத் தூங்குவதும், போர்வைக்குள் பல் நடுங்கக் கிடப்பதும் அந்த முள்ளின் கையில் இருக்கிறது!

முள் 1-க்கும் 2-க்கும் நடுவே நின்றால் வீடு கதகதப்பாக இருக்கும். அது இறங்கிக் கொண்டே போனால், பெட்டி தானாகவே நின்று விடும். பிறகு அறைகளில் சூடு கிடையாது. பல வீடுகளில் குளிக்க வெந்நீரும் கிடையாது. வெளியே பனி கொட்டும். வீட்டுக்குள் கைக்குழந்தை இருக்கும். வயதான பாட்டி இருப்பார்!

அந்தப் பெட்டியின் பெயர் பாய்லர்.

பாய்லர் என்றதும் நமக்கு டீக்கடை பாய்லர் நினைவுக்கு வரும். குளிர் நாட்டு பாய்லரின் வேலை அதைவிடப் பெரிது. அது வீடு முழுவதையும் சூடாக்குகிறது. லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, வெம்பிளி, டூட்டிங் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த முள் நன்றாகத் தெரியும். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து போய்க் குடியேறியவர்கள் அங்கே பலர். ஊரிலிருந்து பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும் இது புதிய பாடம். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, வீட்டில் அந்தப் பெட்டியோடு தனியாக இருப்பவர்கள் அவர்கள்தானே?

முள் ஏன் இறங்குகிறது? எங்கே கோளாறு? எதை வீட்டுக்காரரே பார்க்கலாம்? எதைத் தொடவே கூடாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கரி போய் காஸ் வந்தது

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் அறைக்கு ஓர் அடுப்பு இருந்தது. அதில் நிலக்கரியைப் போட்டு எரித்தார்கள். லட்சக் கணக்கான வீடுகளின் கூரையிலிருந்து புகை எழும்பியது.

1952 டிசம்பரில் அந்தப் புகை லண்டனையே மூடி விட்டது. பனியும் புகையும் சேர்ந்து ஐந்து நாள் நகரைச் சூழ்ந்தன. பகலிலேயே வழி தெரியவில்லை. மூச்சுத் திணறி இறந்தவர்கள் சுமார் 4,000 பேர் என்று அப்போது கணக்கிட்டார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சிகள் அதைவிட அதிகம் என்று கூறின. 1956-ல் புகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது.

1965-ல் வட கடலின் அடியில் காஸ் கிடைத்தது. 1967 முதல் 1977 வரை பத்து ஆண்டுகளில், வீட்டு அடுப்புகளை எல்லாம் அந்த காஸுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். கரி அடுப்புகள் மறைந்தன. பாய்லர் சுவரேறியது. இன்று பிரிட்டனில் 2 கோடிக்கும் அதிகமான வீடுகளைச் சூடாக்குவது காஸ் பாய்லர்தான்.

வீட்டைச் சுற்றும் வெந்நீர்

பாய்லர் வேலை செய்யும் முறை மிகவும் எளியது. உள்ளே காஸ் எரிகிறது. அந்தத் தீ, குழாயில் ஓடும் நீரைச் சூடாக்குகிறது. ஒரு சிறிய பம்பு அந்த நீரை வீடு முழுவதும் தள்ளுகிறது.

ஒவ்வோர் அறையிலும், பெரும்பாலும் ஜன்னலுக்குக் கீழே, இரும்புத் தகட்டால் ஆன ஒரு தட்டைப் பலகை இருக்கும். அதற்கு ரேடியேட்டர் என்று பெயர். வெந்நீர் அதற்குள் புகுந்து, அறைக்குச் சூட்டைக் கொடுத்து விட்டு, ஆறிப் போய் மறுபடியும் பாய்லருக்குத் திரும்பும். மீண்டும் சூடாகும். மீண்டும் சுற்றும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது மூடிய சுற்று. சுற்றும் நீர் வெளியே வராது. புதிய நீரும் தானாக உள்ளே போகாது. குழாயில் குளிக்கப் பிடிக்கும் வெந்நீர் வேறு; சுவருக்குள் சுற்றும் இந்த நீர் வேறு. ஒரு தடவை நிரப்பினால் அதே நீர் மாதக் கணக்கில் சுற்றிக் கொண்டிருக்க வேண்டும்.

அப்படியானால், முள் இறங்குகிறது என்பதற்கு என்ன பொருள்? மூடிய சுற்றிலிருந்து நீர் எங்கோ வெளியே போகிறது. அல்லது, நீரைத் தாங்கும் காற்று குறைந்து விட்டது. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

‘பார்’ என்றால் என்ன?

முள் காட்டும் எண்ணுக்கு ‘பார்’ என்று பெயர். தூரத்துக்கு மைல் போல, எடைக்குக் கிலோ போல, அழுத்தத்துக்கு இது ஓர் அளவு. 1 பார் அழுத்தம் நீரைச் சுமார் 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும். சமையல் அறையில் குக்கர் விசில் அடிக்கும்போது அதற்குள் இருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய 1 பார்தான்!

மாடி வீட்டில் கீழே பாய்லர் இருக்கும். மேல் மாடி ரேடியேட்டருக்கு நீர் ஏற வேண்டும். அதனால்தான் குளிர்ந்த நிலையில் முள் 1-க்கும் 1.5-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்கிறார்கள். சூடானதும் அது 2 வரை ஏறலாம். அதில் தவறில்லை.

இந்த முள் வேலை செய்வது எப்படி? திருவிழாவில் ஒரு காகிதப் பீப்பி விற்பார்கள். ஊதினால் சுருள் நீளும். ஊதுவதை நிறுத்தினால் சுருண்டு கொள்ளும். அதே தத்துவம்தான்! வட்டத்துக்குப் பின்னால் வளைந்த உலோகக் குழல் ஒன்று இருக்கும். அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். அந்த அசைவு முள்ளைத் திருப்பும். யூஜின் பூர்டோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். புதிய பாய்லர்கள் சிலவற்றில் முள்ளுக்குப் பதிலாக எண்ணே மின்னும்.

சூடானால் நீர் பெருக்கும்

நீரைச் சூடாக்கினால் அது பெருக்கும். பத்து ரேடியேட்டர் உள்ள வீட்டில் ஏறக்குறைய 100 லிட்டர் நீர் சுற்றுகிறது என்று வைத்துக் கொள்வோம். 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடானால், அது சுமார் 103 லிட்டர் ஆகி விடும். அதிகமான 3 லிட்டர் எங்கே போவது? குழாயோ உலோகம், அது விரிந்து கொடுக்காது.

அதற்காகவே ஒரு விரிவுத் தொட்டி வைத்திருக்கிறார்கள். இது மூடிய இரும்புக் கலம். நடுவில் ஒரு ரப்பர்த் திரை. திரைக்கு ஒரு பக்கம் நீர். மறுபக்கம் காற்று. நீர் பெருக்கும்போது ரப்பர் வளைந்து காற்றை அமுக்கும். நீர் ஆறும்போது காற்று அதைத் திருப்பித் தள்ளும். மெத்தை போல என்று சொல்லலாம்.

மெத்தையும் போதாமல் போனால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. அழுத்தம் 3 பார் ஆனதும் சேப்டி வால்வு திறந்து, நீரை வீட்டுக்கு வெளியே தள்ளி விடும். குக்கரில் இருப்பதும் இந்த ஏற்பாடுதான். டெனி பாப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ல் லண்டன் ராயல் சொசைட்டி விஞ்ஞானிகளுக்கு முதல் பிரஷர் குக்கரைக் காட்டினார். அது வெடிக்காமல் இருக்க அவர் அமைத்ததே சேப்டி வால்வு!

ஒரு சொட்டின் கணக்கு

“ஒரு சொட்டு ஒழுகுவதால் என்ன குடி முழுகிப் போகிறது?” என்று பலர் நினைப்பது உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பத்து விநாடிக்கு ஒரு சொட்டு விழுகிறது. ஒரு நாளைக்கு 8,640 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று கொண்டால், நாளைக்கு 430 மில்லி லிட்டர். அதாவது, கிட்டத்தட்ட அரை லிட்டர்.

8 லிட்டர் விரிவுத் தொட்டி உள்ள ஒரு பாய்லரில் சுமார் ஒன்றரை லிட்டர் நீர் குறைந்தால் போதும். முள் 1.5-லிருந்து 1-க்கு வந்து விடும். ஆகவே, கண்ணுக்கே தெரியாத அந்தச் சொட்டு, மூன்று நான்கு நாளில் முள்ளை இறக்கி விடுகிறது!

நிரப்பிக் கொண்டே இருக்கலாமா?

முள் இறங்கினால் நீர் நிரப்ப வழி இருக்கிறது. பாய்லருக்குக் கீழே, கம்பி பின்னிய ஒரு சிறு குழாய் இருக்கும். அதன் இரு முனையிலும் திருகு இருக்கும். பாய்லரை அணைத்து, ஆற விட்டு, இரண்டு திருகையும் மெல்லத் திறக்க வேண்டும். முள் 1.2 அல்லது 1.5 வந்ததும் இரண்டையும் இறுக்கி மூட வேண்டும். கழற்றும் வகைக் குழாயானால், வேலை முடிந்ததும் கழற்றி வைத்து விட வேண்டும். மாடல்களில் வேறுபாடு உண்டு. ஆகையால் பாய்லரோடு கொடுத்த புத்தகத்தைப் பார்த்துச் செய்வது நல்லது.

இது ஐந்து நிமிட வேலை. அதனால்தான் ஆபத்து! வாரம் ஒரு முறை நிரப்பிப் பழகியவர்கள், ஒழுகும் இடத்தைத் தேடுவதே இல்லை.

பழைய நீரில் இருந்த பிராணவாயு தீர்ந்து போயிருக்கும். அந்த நீர் இரும்பை அதிகம் அரிக்காது. புதிய நீர் போகும் ஒவ்வொரு முறையும் புதிய பிராணவாயு போகிறது. ரேடியேட்டர் உள்ளே துருப்பிடிக்கிறது. துரு கறுப்புச் சேறாகப் படிகிறது. சேறு பம்பை அடைக்கிறது. துருப்பிடிக்காமல் இருக்க நீரில் கலந்திருக்கும் மருந்தும் நீர்த்துப் போகிறது. லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பும் அதிகம். அதுவும் உள்ளே போய்ப் படிகிறது.

சில்லறைச் செலவில் தீர வேண்டிய ஒழுக்கு, இப்படித்தான் புதிய பாய்லர் வாங்கும் செலவில் போய் முடிகிறது.

முள் எப்போது நகருகிறது?

கெட்டிக்கார மெக்கானிக் முதலில் பெட்டியைத் திறக்க மாட்டார். ஒரு கேள்வி கேட்பார்: “முள் எப்போது நகருகிறது?” கோளாறு இருக்கும் இடத்தை அந்தப் பதில் காட்டிக் கொடுத்து விடும்.

ஒன்று: சூடாக இருந்தாலும், ஆறி இருந்தாலும், முள் மெல்ல மெல்ல இறங்குகிறது. இது சாதாரண ஒழுக்கு. குழாயிலோ, ரேடியேட்டரிலோ, பாய்லருக்குள்ளோ நீர் கசிகிறது.

இரண்டு: பாய்லர் எரியும்போது முள் விறுவிறு என்று 3 வரை ஏறுகிறது. ஆறியதும் பூஜ்யத்துக்கு இறங்குகிறது. இது விரிவுத் தொட்டியின் கோளாறு. தொட்டியில் காற்று போய் விட்டது. அல்லது ரப்பர்த் திரை கிழிந்து விட்டது. மெத்தை இல்லாததால் அழுத்தம் 3-ஐத் தொடுகிறது. சேப்டி வால்வு திறந்து நீரைக் கொட்டுகிறது. நீர் ஆறியதும், கொட்டிய அளவு குறைகிறது. இதை அறியாமல் நீர் நிரப்பினால், மறுநாளும் அதே கதைதான்!

மூன்று: பாய்லர் எரியவே இல்லை. ஆனாலும் முள் தானாக ஏறுகிறது. எங்கிருந்தோ நீர் உள்ளே புகுகிறது. நிரப்பும் குழாயின் திருகு சரியாக மூடவில்லையா என்று பார்க்க வேண்டும். அந்தக் குழாயைக் கழற்றி வைத்த பிறகும் முள் ஏறினால், பாய்லருக்குள்ளே கோளாறு. குளிக்கும் நீரும் சுற்றும் நீரும் மெல்லிய தகடுகளின் இரு பக்கமாக ஓடுகின்றன. தகட்டில் ஓட்டை விழுந்தால், தெருக் குழாயின் அழுத்தம் நீரைச் சுற்றுக்குள் தள்ளி விடும்.

நான்கு: ரேடியேட்டரில் சேர்ந்த காற்றைச் சாவி போட்டு வெளியேற்றிய பிறகு முள் இறங்கியது. இதற்குப் பயப்படத் தேவை இல்லை. காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக் கொண்டது. ஒரு முறை நிரப்பினால் போதும். மறுபடி இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

காகிதமும் பையும் போதும்!

ஸ்பேனரைத் தொடாமலே வீட்டுக்காரர் மூன்று சோதனைகள் செய்யலாம்.

முதல் சோதனைக்குத் துடைக்கும் மெல்லிய காகிதம் போதும். ரேடியேட்டரின் இரு முனையிலும் உள்ள திருகு, நட்டு, குழாய் இணைப்பு ஆகிய இடங்களில் அதைச் சுற்றிப் பிடியுங்கள். ஈரம் பட்டால் காகிதம் உடனே காட்டி விடும். இதை ரேடியேட்டர் ஆறி இருக்கும்போது செய்ய வேண்டும். சூடாக இருந்தால் கசியும் நீர் அப்போதே ஆவியாகிப் போகும். பித்தளை, செம்பு இணைப்புகளில் பச்சைக் களிம்பு, வெள்ளைப் பொருக்கு, ரேடியேட்டரின் அடியில் துருக்கறை, கீழ் அறைக் கூரையில் பழுப்பு வட்டம் ஆகியவை எல்லாம் ஒழுக்கின் கால் தடங்கள்!

இரண்டாவது சோதனை வீட்டுக்கு வெளியே. சேப்டி வால்விலிருந்து ஒரு செப்புக் குழாய் சுவர் வழியாக வெளியே போகும். அதன் முனையில் ஒரு பாலிதீன் பையைத் தளர்த்திக் கட்டி விடுங்கள். காலையில் பையில் நீர் இருந்தால், நீர் போகும் வழி அதுதான். இந்த வால்வு ஒரு முறை திறந்தால், சில சமயம் தூசி சிக்கி, முழுவதும் மூடாமல் சொட்டிக் கொண்டே இருக்கும். சோதனை முடிந்ததும் பையை அவிழ்த்து விட வேண்டும். அந்தக் குழாயை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. அடைத்தால் அழுத்தம் போக வழி இருக்காது!

மூன்றாவது, இரவுச் சோதனை. பாய்லருக்கு அடியில், வீட்டுக்குள் போகும் குழாய்க்கும் திரும்பி வரும் குழாய்க்கும் மூடும் திருகுகள் பல வீடுகளில் உண்டு. பாய்லரை அணைத்து, நன்றாக ஆற விட்டு, இரண்டையும் மூட வேண்டும். முள் நிற்கும் இடத்தைக் குறித்துக் கொள்ள வேண்டும். காலையில் முள் இறங்கி இருந்தால் ஒழுக்கு பாய்லர் பக்கம். முள் அப்படியே இருந்து, திருகுகளைத் திறந்ததும் சட்டென்று விழுந்தால், ஒழுக்கு வீட்டுக் குழாய்ப் பக்கம். திருகுகள் மூடி இருக்கும்போது பாய்லரை எரிய விடவே கூடாது. திருகு பழையதாக, இறுகிப் போய் இருந்தால் வலிந்து திருப்ப வேண்டாம். மெக்கானிக் வந்து பார்க்கட்டும்.

இந்த மூன்றாவது சோதனையால் பணமும் மிச்சம். ஒழுக்கு ரேடியேட்டரிலோ குழாயிலோ இருந்தால், சாதாரண பிளம்பரே சரி செய்யலாம். பாய்லருக்குள் இருந்தால் காஸ் மெக்கானிக்கை அழைக்க வேண்டும். யாரை அழைப்பது என்பது காலையிலேயே தெரிந்து விடும்.

ஈரமே இல்லையே!

சில வீடுகளில் எங்கு தேடினாலும் ஈரம் இருக்காது. ஆனால், முள் மட்டும் இறங்கும். அப்போது இரண்டு இடங்களைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒன்று, தரைக்கு அடியில். பல பழைய வீடுகளில் செப்புக் குழாய்களை உறை இல்லாமல் சிமெண்டுத் தரைக்குள் புதைத்து விட்டார்கள். சிமெண்டு செம்பை அரித்து விடும். நீர் மண்ணுக்குள் போய் விடும். இதைக் கண்டுபிடிக்கத் தரையை எல்லாம் உடைக்க வேண்டியதில்லை. சூட்டைப் படம் பிடிக்கும் காமிரா இருக்கிறது. ஒழுகும் இடத்துக்கு மேலே தரை சூடாகத் தெரியும். குழாய்க்குள் நைட்ரஜனும் சிறிது ஹைட்ரஜனும் கலந்த வாயுவைச் செலுத்தி, அது வெளிவரும் இடத்தைக் கருவியால் மோப்பம் பிடிப்பதும் உண்டு. சில வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசிகள் இந்தத் தேடுதல் செலவைக் கொடுக்கும்.

மற்றொன்று, பாய்லரின் நெஞ்சுப் பகுதி. தீக்கும் நீருக்கும் நடுவில் உள்ள உலோகச் சுவரில் வெடிப்பு விட்டால், நீர் உள்ளேயே ஒழுகி, கழிவுக் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போய் விடும். தரையில் ஒரு சொட்டும் விழாது. இது பெரிய செலவு. பாய்லர் பழையதானால், புதிதே வாங்கி விடலாம் என்று மெக்கானிக்குகள் சொல்வது உண்டு.

முள் சரி; பாய்லர் எரியவில்லை!

முள் சரியாக 1.5-ல் நிற்கும். ஆனாலும், கடும் பனி நாளில் பாய்லர் எரியாது. உள்ளே ‘களக் களக்’ என்று சத்தம் கேட்கும். இது அழுத்தக் கோளாறு அல்ல. இன்றைய பாய்லர்கள் புகையில் உள்ள சூட்டையும் பிடித்துக் கொள்கின்றன. அப்போது புகையிலுள்ள நீராவி நீராகி, ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியேறும். அந்தக் குழாய் வீட்டுக்கு வெளியே இருந்தால், பனியில் உறைந்து அடைத்துக் கொள்ளும்.

2010 டிசம்பரில் இப்படித்தான் ஆயிற்று. 1910-க்குப் பிறகு பிரிட்டன் கண்ட டிசம்பர்களில் அதுவே மிகக் குளிரானது. ஏராளமான வீடுகளில் ஒரே சமயத்தில் பாய்லர் நின்று போயிற்று. கைக்கு எட்டும் உயரத்தில் குழாய் இருந்தால், வெதுவெதுப்பான நீரை அதன் மேல் ஊற்றினால் போதும். கொதிக்கும் நீர் கூடாது. குழாய் வெடித்து விடும். ஊற்றிய நீர் தரையில் உறைந்து வழுக்கும். அதிலும் கவனம் வேண்டும்.

மூடியைக் கழற்றாதீர்கள்!

பாய்லரின் முன் மூடியைக் கழற்றக் கூடாது. பல பாய்லர்களில் அந்த மூடிதான் எரிந்த வாயுவை அறைக்குள் வராமல் தடுக்கிறது. மூடி சரியாகப் பொருந்தாமல் போனால், கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரலாம். அதற்கு நிறம் இல்லை. மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். வீட்டை விட்டு வெளியே போனால் சரியாகி விடும். திரும்பி வந்தால் மறுபடி தொடங்கும். ஜலதோஷம் என்று நினைத்துப் படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போனது உண்டு!

விரிவுத் தொட்டிக்குக் காற்று அடிப்பது எளிய வேலை போலத் தோன்றும். மோட்டார் டயரில் உள்ளது போன்ற வால்வுதான் அதில் இருக்கிறது. அதை அழுத்தினால் காற்றுக்குப் பதில் நீர் வந்தால், ரப்பர் கிழிந்தது என்று பொருள். ஆனால், பெரும்பாலான பாய்லர்களில் அந்தத் தொட்டி மூடிக்கு உள்ளே இருக்கிறது. ஆகவே, அது மெக்கானிக்கின் வேலை.

பிரிட்டனில் காஸ் வேலை செய்பவர் ‘காஸ் சேப் ரிஜிஸ்டர்’ என்ற பட்டியலில் பதிவு செய்திருக்க வேண்டும். இது சட்டம். 2009 ஏப்ரல் முதல் இந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. வருபவரிடம் படம் ஒட்டிய அடையாள அட்டை இருக்கும். அட்டையின் பின்பக்கத்தில் அவர் எந்த எந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று போட்டிருக்கும். கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

காஸ் வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடக் கூடாது. தீக்குச்சி கிழிக்கக் கூடாது. ஜன்னல்களைத் திறந்து, மீட்டர் அருகில் உள்ள காஸ் திருகை மூடி, வெளியே போய் 0800 111 999 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு

“வீட்டுக்காரரிடம் சொன்னால் கோபித்துக் கொள்வாரோ?” என்று தயங்கி, குழந்தைகளோடு குளிரில் நடுங்கும் குடும்பங்கள் உண்டு. தயங்கத் தேவை இல்லை. இங்கிலாந்தில் பெரும்பாலான வாடகை வீடுகளில், வீட்டைச் சூடாக்கும் சாதனத்தையும் வெந்நீர்ச் சாதனத்தையும் நல்ல நிலையில் வைத்திருப்பது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

காஸ் சாதனங்களை ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதிக்க ஏற்பாடு செய்வதும் அவர் பொறுப்பு. பரிசோதித்த 28 நாளுக்குள் அதன் நகலைக் குடியிருப்பவரிடம் கொடுக்க வேண்டும். 2022 அக்டோபர் முதல், காஸ் பாய்லர் உள்ள வாழும் அறையில் கார்பன் மோனாக்சைடு வந்தால் கூவும் கருவியை வைப்பதும் அவர் கடமை ஆயிற்று.

முள் இறங்கினால், தேதி போட்டு எழுத்தில் தெரிவிப்பது நல்லது. வாய்ச் சொல் காற்றோடு போகும். எழுத்து நிற்கும்.

ஒரு காகிதம், ஒரு பென்சில்

இத்தனையும் நினைவில் வைத்துக் கொள்ள முடியுமா? முடியாவிட்டால் ஒன்று மட்டும் செய்தால் போதும்.

பாய்லருக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தை ஒட்டி, ஒரு பென்சிலைக் கட்டித் தொங்க விடுங்கள். காலையில் பாய்லர் எரியும் முன் முள் எங்கே நிற்கிறது? சூடான பிறகு எங்கே நிற்கிறது? என்றைக்கு நீர் நிரப்பினீர்கள்? ஒரு வாரத்துக்கு இந்த எண்களை எழுதி வாருங்கள். எண்களை எழுதத் தெரிந்த குழந்தையே இதைச் செய்யலாம்.

மெக்கானிக் வந்ததும், வாயால் விவரிக்க வேண்டாம். அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுங்கள். எங்கே கை வைப்பது என்று அது அவருக்குச் சொல்லி விடும்.